கவுன்சில் மினிகாப் லைசென்ஸை மறுத்தது, 21 நாளும் போய்விட்டது. இனி வழி உண்டா?

வடமராட்சிப் பொடியன்:
அண்ணாமார், அக்காமார், வணக்கம். இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறேன். பத்து வருடம் வெயார்ஹவுஸில் இரவு வேலை செய்து நாரி போய்விட்டது. மினிகாப் (முன்கூட்டியே பதிந்து எடுக்கும் ரக்சி) ஓடலாம் என்று டிசம்பரில் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னர் சிவப்பு விளக்கில் நிற்கும்போது போனைத் தொட்டதற்கு 200 பவுண்ட்ஸ் தண்டமும் சாரதி லைசென்ஸில் 6 தண்டப் புள்ளிகளும் வாங்கியவன். ஒளிக்காமல் எழுதினேன். அதைக் காட்டியே மறுத்துவிட்டார்கள்.

அது கூடப் பரவாயில்லை. ஜனவரியில் வீடு மாறினோம், மறுப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. இப்போது அங்கே இருக்கிற பெடியன் அதை மின்மானிப் பெட்டிக்கு மேல் பீட்சாக் கடை விளம்பரங்களோடு போட்டு வைத்திருக்கிறான். ஏப்ரல் 2ஆம் திகதி மனுசி ஒரு பார்சலைத் தேடிப் போன இடத்தில்தான் எடுத்துக் கொடுத்தான். கடிதத் திகதி மார்ச் 4. நீதவான் நீதிமன்றத்தில் 21 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இன்று ஏப்ரல் 15. காரணத்தை விளக்கி எழுதினால் நீதவான் இரங்க மாட்டாரா? ஊரில் டொக்டரின் துண்டு கொடுத்தாலே தவணை தருவார்களே.

பழைய ரக்சி:
தம்பி, அவர் இரங்கினாலும் பிரயோசனமில்லை, நீட்டிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. 2009இல் ஸ்ரொக்டன் கவுன்சில் சம்பந்தப்பட்ட ஒரு சாரதியின் வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

திரும்ப விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று போட வேண்டும். மறைத்தால் பிடிபடுவீர். பாதுகாப்புக் காரணத்துக்காக மறுத்ததையெல்லாம் 2023 ஏப்ரல் முதல் இங்கிலாந்துக் கவுன்சில்கள் ஒரே பதிவேட்டில் ஏற்றுகின்றன, 11 வருடம் அதில் கிடக்கும். பக்கத்து ஊருக்குப் போனாலும் தெரியும். போன் பிடித்துத் தண்டனை பெற்றவருக்கு 5 வருடம் கழிய வேண்டும் என்பது அரசாங்கத்தின் 2020 வழிகாட்டி. உமக்கு இன்னும் மூன்று வருடம் வெயார்ஹவுஸ்தான்.

சட்டக்கந்தோர் அக்கா:
அண்ணை சொன்ன சட்டம் சரி, முடிவுதான் அவசரம். 21 நாள் கடிதத்தின் திகதியில் இருந்து ஓடாது, மறுப்பு உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்ட நாளில் இருந்து ஓடும். 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், 300ஆம் பிரிவு. (ரக்சிக்கும் சுகாதாரத்துக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். 1976ஆம் ஆண்டு லைசென்ஸ் சட்டம் அங்கிருந்துதான் கடன் வாங்கியிருக்கிறது.) கவுன்சிலுக்குக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குத் தபாலில் போட்டால் போதும், நீங்கள் திறந்து வாசிக்காதது பொருட்டல்ல. ஆகவே ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: மார்ச் 4இல் உங்கள் புது முகவரி அவர்களுக்குத் தெரியுமா?

வடமராட்சிப் பொடியன்:
சாரதி லைசென்ஸ் கொடுக்கிற டிவிஎல்ஏவுக்கு மட்டும் அறிவித்தேன். கவுன்சிலுக்கு ஒன்றும் எழுதவில்லை, என் பிழைதான்.

பொறுங்கோ. குற்றப் பதிவு பார்க்கிற டிபிஎஸ் சான்றிதழ் பெப்ரவரியில் வந்தது, புது வீட்டுக்குத்தான் வந்தது. புது முகவரிதான் அதில் அச்சாகியிருக்கிறது. அதை நானே கவுன்சில் கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அங்கிருந்த பிள்ளை போட்டோக்கொப்பி எடுத்தவள்.

சட்டக்கந்தோர் அக்கா:
இதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! புது முகவரி கோப்பில் இருக்கும்போது பழைய வீட்டுக்கு அனுப்பியது முறையான சேர்ப்பிப்பு அல்ல என்று வாதாட இடமிருக்கிறது. அது எடுபட்டால் ஏப்ரல் 2இல் இருந்துதான் கணக்கு, 23 வரை நேரம் உண்டு. வெல்லும் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் எழுதிய பழைய முகவரியைக் கவுன்சில் தூக்கிக் காட்டும்.

ஆனால் நீட்டிப்புக் கேட்டு எழுதாதீர்கள், பிந்திவிட்டேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். காலத்துக்குள் வந்த மேன்முறையீடாகவே பதியுங்கள். லைசென்ஸ் வழக்குகள் செய்கிற சொலிசிட்டரை இந்தக் கிழமையே பிடியுங்கள். அந்தப் பெடியனிடம் எப்போது, எப்படிக் கொடுத்தான் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடித உறை இருக்கிறதா?

வடமராட்சிப் பொடியன்:
இருக்கிறது அக்கா, மனுசி எறியவில்லை. பின்பக்கத்தில் பெடியன் யாருடையதோ போன் நம்பர் கிறுக்கி வைத்திருக்கிறான்.

பழைய ரக்சி:
அழிக்காமல் அப்படியே கொண்டுபோம் தம்பி. அவன் வீட்டில் கிடந்தது என்பதற்கு அதுவும் சாட்சி.