சிலிண்டர் மூடியில் இருப்பவை: வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்

வணக்கம் ஐயா. கப்பல் டீசல் எஞ்சின் உறுப்புகளுக்கு நீங்கள் தந்த சொற்களில் எரிபொருள் தெளிப்பான், புகைபோக்கு வால்வு இரண்டும் நன்றாக இருக்கின்றன. வால்வு என்பதை அப்படியே விட்டதும் சரி. ஆனால் இண்டிகேட்டர் காக்குக்குச் 'சுட்டித் திருகு' என்பதை ஏற்க முடியவில்லை.

அந்தக் காக் எதையும் சுட்டுவதில்லை. சிலிண்டருக்குள்ளிருந்து வெளியே வரும் சிறு வழி அது, திறக்கலாம், மூடலாம். எஞ்சின் ஓடும்போது இண்டிகேட்டர் கருவியை அதில் மாட்டித் திறந்தால், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உள்ளே அழுத்தம் மாறுவதைக் கருவி வரைந்து காட்டும். அந்த வரைபடத்தின் பரப்பிலிருந்துதான் ஒவ்வொரு சிலிண்டரின் திறனையும் கணக்கிடுகிறோம். அப்புறம், எஞ்சினைக் கிளப்பும் முன் எல்லா இண்டிகேட்டர் காக்குகளையும் திறந்துவைத்து, எஞ்சினைச் சுற்றுவதற்கென்றே உள்ள டர்னிங் கியர் என்ற பல்சக்கர அமைப்பால் மெதுவாகச் சுற்றுவார்கள். உள்ளே தண்ணீரோ எண்ணெயோ கசிந்து தேங்கியிருந்தால் அந்த வழியே வெளியே வந்துவிடும். திரவத்தை அமுக்க முடியாது. கவனிக்காமல் கிளப்பினால் சிலிண்டர் மூடி விரிசல் விடலாம், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளையலாம். முதல் வேலையை மட்டும் பார்த்து 'அழுத்தவரைவித் திறப்பான்' என்று வைத்தால் இந்த இரண்டாவது வேலை விடுபடுகிறது. 'சோதனைத் திறப்பான்' இரண்டுக்கும் பொருந்தும்.

சிலிண்டரில் அழுத்தம் மிஞ்சினால் திறந்து வெளியேற்றும் ரிலீஃப் வால்வைப் 'பாதுகாப்பு வால்வு' என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சிலிண்டரின் உச்ச அழுத்தத்தைவிடச் சற்று கூடுதலான அளவில் அதன் ஸ்பிரிங்கை அமைத்திருப்பார்கள். அது திறந்துகொண்டால் கோளாறு தீர்ந்தது என்று பொருளல்ல. எரிபொருள் முன்கூட்டியே தெளிக்கப்படுகிறதா, அளவு மிஞ்சுகிறதா என்று உடனே தேட வேண்டும். பாதுகாப்பு என்ற பெயர் அந்த அவசரத்தை மறைக்கிறது. 'மிகையழுத்த வால்வு' என்போம்.

ஸ்டார்ட்டிங் ஏர் வால்வுக்குக் 'காற்று நுழைவு வால்வு' வேண்டாம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தப் பெயருக்கு உரியது வேறொன்று இருக்கிறது. இது சுமார் 30 பார் வரை அழுத்தம் உள்ள காற்றை விட்டுப் பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைக் கிளப்புவது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இறுக மூடியிருக்க வேண்டும். கசிந்தால் எரிவளி, அதாவது சிலிண்டருக்குள் எரிந்த சூடான வாயு, காற்றுக்குழாய்க்குள் புகுந்து அதைச் சுடவைக்கும். அங்கே எண்ணெய் படிந்திருந்தால் வெடிக்கவும் செய்யும். 'கிளப்புக்காற்று வால்வு' எளிமையாகவும் தெளிவாகவும் இருக்கிறது.

சிலிண்டரின் உள்ளுறையான லைனரில் உள்ள குவில்லுக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. சிலிண்டர் எண்ணெயை உள்ளே விடுவதும், எரிவளி திரும்பி வராமல் தடுப்பதும் அதன் வேலை. 'எண்ணெய் ஊட்டுமுனை' சரிவருமா?