‘குடும்ப’மா, ‘குடித்தன’மா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

தமிழ்வழிப் புள்ளியியல் பாடநூலில் ஓர் இயல் என் தலையில் விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வாரியாக, ஆண்டுதோறும் ‘மீடியன் ஹவுஸ்ஹோல்ட்’ வருமானத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மீடியனுக்கு (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) நம் பள்ளிப் புத்தகத்தில் ‘இடைநிலை அளவு’ இருக்கிறது. ஹவுஸ்ஹோல்ட்தான் இடிக்கிறது. ‘குடும்பம்’ என்று எழுதினால் அடுத்த பத்தியிலேயே ‘ஃபேமிலி’ வந்து நிற்கிறது. பிறப்பு, திருமணம், தத்து வழியில் உறவான இருவராவது சேர்ந்து வாழ்ந்தால் அது ஃபேமிலி. உறவு உண்டோ இல்லையோ, ஒரு வீட்டில் குடியிருக்கும் அனைவரும் ஒரு ஹவுஸ்ஹோல்ட். தனியாக வாழும் மூதாட்டியும், வாடகையைப் பகிரும் மூன்று நண்பர்களும் இரண்டாவதில் மட்டுமே வருவார்கள். இரண்டின் மீடியனும் வேறு வேறு. உதவுங்கள்.

— மொழிபெயர்ப்பவன்

*

தம்பிக்கு,

‘குடி’ இருக்கக் கவலை எதற்கு? குடிசெயல்வகை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். ‘குடி வருவாய்’ என்று எழுதுங்கள். கவுண்டிக்குள் இருக்கும் சிறு வட்டாரங்களுக்கும் சொல் தருகிறேன்: ‘குடும்பு’. பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேர்தலில் நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். பகுதி வாரியாகச் சொத்தைப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, மன்னிக்க வேண்டும். ‘குடி வருவாய்’ என்று அச்சிட்டால் என் மாணவர்கள் டாஸ்மாக் விற்பனைக் கணக்கு என்றுதான் படிப்பார்கள். ‘மனை வருமானம்’ என்றால் பிளாட் விற்ற பணம். ‘வீட்டு வருமானம்’ என்றால் வாடகை. ‘குடும்பில் உள்ள குடும்பங்கள்’ என்று ஒரு வரி வந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள்.

‘குடித்தனம்’ எப்படி? தனிக்குடித்தனம், ஒண்டுக்குடித்தனம் என்று எல்லோருக்கும் பழக்கமான சொல். இரத்த உறவைக் கோராது.

— கல்லூரி ஆசிரியை

*

குடித்தனம் நல்ல சொல்தான். ஆனால் அதற்குள் ஓர் அடுப்பு எரிகிறதே! இந்தியக் கணக்கெடுப்பில் பொதுச் சமையலறையில் உண்பவர்கள் ஒரு குடித்தனம். அமெரிக்காவில் வீட்டின் கதவுதான் எல்லை. இந்த வேறுபாட்டை அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.

இன்னொன்று. இலங்கையில் நாங்கள் மீடியனை ‘இடையம்’ என்றே படித்தோம். ‘இடைநிலை’ நன்னூலாரின் சொத்து. கவுண்டி போன்ற சிறிய இடங்களைச் ‘சிறுபகுதி’ ஆக்கி, ‘சிறுபகுதி இடைநிலை’ என்று எழுதினால் பகுதியும் இடைநிலையும் வந்துவிட்டன, விகுதி எங்கே என்று பகுபத உறுப்பிலக்கணம் கேட்பார்கள்.

— டொரோண்டோவிலிருந்து

*

பெயர் வைக்கும் முன் பொருளைப் பாருங்கள். அமெரிக்காவில் 2000 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நீண்ட படிவத்தில் வருமானம் கேட்டார்கள். இப்போது தொடர் மாதிரி ஆய்வு. 65,000 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு ஓராண்டு மாதிரி போதாது என்று ஐந்தாண்டுப் பதில்களைச் சேர்க்கிறார்கள். அதனால் 2015–2019 எண்ணை 2016–2020 எண்ணோடு ஒப்பிட்டு ‘வருமானம் கூடிவிட்டது’ என்று எழுதக்கூடாது. நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது. எல்லைகளும் நகரும்: கனெக்டிகட்டில் 2022 முதல் எட்டு கவுண்டிகளுக்குப் பதிலாக ஒன்பது திட்டமிடல் மண்டலங்களைக் கணக்கில் எடுக்கிறார்கள்.

ஓராண்டுக்கே எண் வேண்டுமென்றால் வரிப் பதிவு, உணவு உதவிப் பதிவு ஆகியவற்றின் துணையோடு மாதிரியின் எண்ணைச் சரிக்கட்டுகிறார்கள். ஃபே, ஹெரியட் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1979இல் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்களுக்குக் காட்டிய வழி இது: ஊரின் சொந்த மாதிரி எவ்வளவு மெலிந்ததோ, அவ்வளவுக்கு மற்ற ஊர்களின் போக்கை நம்புவது. இந்தத் துறையார் இதை வலுவைக் கடன் வாங்குவது என்பார்கள். எனக்குக் ‘கைமாற்று மதிப்பீடு’ என்று சொல்ல ஆசை.

— நியூ ஜெர்சிப் புள்ளியியலாளர்

*

கைமாற்றா? பாடநூலில் வட்டிக்கடை வாடை வேண்டாம்!

— கல்லூரி ஆசிரியை

*

அனைவருக்கும் நன்றி. மணி பதினொன்று. குடித்தனத்துக்கு நால்வர், குடிக்கு ஒருவர். ‘சிறுபகுதிக் குடித்தன வருமான இடைநிலை மதிப்பீடு’ என்று அனுப்பிவிட்டேன். முதல் வரவில் மட்டும் ‘இடையம்’ என்பதையும் சேர்த்திருக்கிறேன். கைமாற்று, பெயராக இல்லாமல் விளக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

— மொழிபெயர்ப்பவன்

*

தம்பி, அந்த ஒருவர் நான்தான், மாறவில்லை. அதோடு, நான் ‘வருவாய்’ என்று எழுதியதை யார் ‘வருமானம்’ ஆக்கினீர்கள்? அந்த ‘மானம்’ எங்கிருந்து வந்தது என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்