சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தல் 2025: எங்கள் குழுத்தொகுதியில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஆளுங்கட்சியின் அந்த 65.57 விழுக்காட்டில் நாங்கள் உண்டா?

சர்க்கியூட் ரோடு அம்மா:
2020-இல் நாங்கள் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் மெக்பர்சன் தனித்தொகுதியில் வாக்களித்தோம். இம்முறை எல்லையை மாற்றி, ஐந்து பேரை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் சேர்த்துவிட்டார்கள். என் மகளுக்குப் போன வருடம்தான் 21 நிறைந்தது, இதுதான் முதல் வாக்கு. ஏப்ரல் 23 வேட்புமனுத் தாக்கலன்று ஆளும் மக்கள் செயல் கட்சியின் ஐந்து பேரைத் தவிர யாரும் மனு கொடுக்கவில்லை. போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்ததும் மகள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மே 3 அன்று தோழியைக் கூப்பிட்டு, எக்ஸ் குறி போடும் அந்த முத்திரைப் பேனா கையில் எப்படி இருந்தது, மை ஒட்டியதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

ஆளுங்கட்சிக்கு 65.57 விழுக்காடு என்கிறார்களே, அதில் எங்களையும் சேர்த்துவிட்டார்களா? மாமியாருக்கு வேறு கவலை: வாக்களிக்காததால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். வாக்காளர் அட்டை வருமென்று தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தவர் அவர்.

கணக்குப்பிள்ளை:
சேர்க்கவில்லை அக்கா. போட்டி நடந்த இடங்களில் விழுந்த செல்லுபடியான வாக்குகளை வைத்துத்தான் அந்தக் கணக்கு. மொத்தம் 97 இடம், உங்கள் ஐந்து போனால் 92. ஆளுங்கட்சி பிடித்த 87-இல் வாக்குப்பெட்டி வழியாக வந்தது 82. வாக்கெடுப்பு நடந்தும் வாக்களிக்காதவர் பெயரைத்தான் நீக்குவார்கள். அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்வாசி:
2020-இல் பழைய மரின் பரேட் குழுத்தொகுதியில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு 42 விழுக்காடு கிடைத்தது. இம்முறை அங்கே போட்டியிடாமல் அந்த மக்களை வாக்களிக்கவே விடாமல் அக்கட்சி செய்தது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆனால் அக்கட்சியினர் நிறுத்தியதே 26 பேரை. வெல்ல வாய்ப்புள்ள இடங்களில் ஆளைக் குவித்தார்கள். எங்கள் தெம்பனிஸில் 47.37, ஜாலான் காயுவில் 48.53 வரை வந்து தோற்றார்கள். கடைசியில் அல்ஜுனிட், செங்காங், ஹவ்காங் என்று பழைய 10 இடம்தான். அப்புறம், தோற்றாலும் நல்ல வாக்கு வாங்கிய எதிர்க்கட்சியினருக்குக் கிடைக்கும் தொகுதியில்லா உறுப்பினர் பதவி இரண்டு பேருக்கு.

பழைய வாக்காளர்:
தங்கச்சி, உங்கள் மகளின் மனசு எனக்குப் புரிகிறது. எனக்கு 21 ஆன 2001-இல் 84 இடங்களில் 55 போட்டியின்றிப் போயின. 2006-இல் 37. இரண்டு தடவையும் எங்கள் தொகுதி அதில் ஒன்று. முதன்முதலாக வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியது 2011-இல், 31 வயதில். மடிக்கும்போது விரல் நடுங்கியது. 2015, 2020 இரண்டிலும் எல்லா இடத்திலும் போட்டி இருந்தது, இனி அந்தக் காலம் திரும்பாது என்றுதான் நினைத்திருந்தேன்.

சர்க்கியூட் ரோடு அம்மா:
நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன், "31 வயசா!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்கச் சொன்னது: இந்த ஐந்து பேரில் ஒருவர் நடுவில் விலகினால் இடைத்தேர்தல் வருமா?

கணக்குப்பிள்ளை:
வராது அக்கா. 2017-இல் அதிபர் தேர்தலுக்காக ஹலிமா யாக்கோப் நால்வர் கொண்ட மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து விலகியபோதும் நடத்தவில்லை. மீதி மூன்று பேரே அடுத்த பொதுத்தேர்தல் வரை பார்த்துக்கொண்டார்கள்.