பதில்: பதில்: வாசிகசாலைக் கூரையும், நாங்கள் இப்ப வாசிக்கிற புத்தகங்களும்

சிறி, ஸ்காபரோ

அன்பான ஊரவர்களுக்கு,

வாசிகசாலைக் கூரை பற்றிப் போன மாதம் போட்ட மடலுக்கு மூண்டு பேர்தான் பதில் எழுதினனியள். அதிலை ஒண்டு என்ரை பிறந்தநாளுக்கு வாழ்த்து. ஓடு மாத்தி, உளுத்த தீராந்தி ரண்டையும் எடுத்து, அலுமாரிக்கு மருந்தும் அடிக்க 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரும் எண்டு வேலைக்காரர் சொல்லுகினம்.

காசு எண்ட சொல்லைக் கண்டால் மடலைத் திறக்கிறியளில்லை. அதாலை வேறை மாதிரிக் கேக்கிறன். இப்ப என்ன புத்தகம் வாசிக்கிறியள், பிடிச்சிருக்கோ எண்டு எழுதுங்கோ. எழுதிப்போட்டு அந்தப் புத்தகத்தின்ரை விலையையாவது போடுங்கோ. நான் தொடக்கிறன்: அ. முத்துலிங்கத்தின்ரை 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்'. நாவல் எண்டு சொன்னாலும் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை மாதிரித் தன்ரை காலிலை நிக்கும். மனிசன் கொக்குவில், இப்ப இஞ்சை எங்கட பக்கம்தான். பனியிலை பஸ்சுக்கு நிக்கேக்கை ரண்டு பக்கம் வாசிச்சால் குளிர் தெரியாது. 20 டொலர் போட்டாச்சு.


யோகம், பேர்ண்

சிறித் தம்பி, நான் புத்தகத்துக்கு முதல் வேறை ஒண்டு சொல்லவேணும். என்ரை தங்கச்சியின்ரை மகள் போன மாதம் ஊருக்குப் போனவள். வாசிகசாலையை எட்டிப் பாத்திட்டு வா எண்டு நான்தான் அனுப்பினனான். முன் விறாந்தையிலை ரண்டு கிழவர், ஒரு உதயன் பேப்பர், வாங்குக்குக் கீழை நாய். நடுப்பக்கத்தை ஒருத்தரும் முதல் பக்கத்தை மற்றவரும் பிரிச்சு வைச்சு வாசிச்சவையாம். உள் அறை பூட்டு. யன்னல் நீக்கலாலை போன் வெளிச்சம் அடிச்சுப் பாத்திருக்கிறாள். நிலத்திலையிருந்து சுவராலை புத்துமண் கோடு போட்டு அலுமாரிக்குள்ளை போகுதாம். கண்ணாடிக்குப் பின்னாலை பொன்னியின் செல்வன் ஐஞ்சு பாகமும் நிக்குது, மூண்டாவதுக்கு முதுகு மட்டும்தான் மிச்சம்.

திறப்பு ஆரிட்டை எண்டு கேட்டிருக்கிறாள். ஒரு கிழவர் கோயிலிலை எண்டார். மற்றவர் கனடாவிலை எண்டார்.

நான் வாசிக்கிறது டானியலின்ரை 'பஞ்சமர்'. 1972 இலை வந்த நாவல். தேத்தண்ணிக் கடையும் கோயில் வாசலும் எல்லாருக்கும் திறக்கவேணும் எண்டு சனம் அடிபட்ட கதை. எங்கட வாசிகசாலை அதை வாங்கவே இல்லை. ஏன் வாங்கேல்லை எண்டு தெரிஞ்சவைக்குத் தெரியும். அந்த விறாந்தை வாங்கிலை ஆர் இருக்கலாம், ஆர் குளத்தடிக்கு அங்காலை நிக்கவேணும் எண்டதும் தெரியும்.


தேவன், பாரிஸ்

வணக்கம் உறவுகளே!

எங்கட ஊர் வாசிகசாலையைப் பற்றி ஆரும் குறைவாய்க் கதைக்கக் கூடாது. பக்கத்து ஊரார் எங்களட்டை வந்து நிண்டுதான் றேடியோச் செய்தி கேட்டவை. இப்ப அவை ரண்டு மாடி கட்டி ஏசியும் பூட்டியிருக்கினம். ஆர் காசு குடுத்தது எண்டும் எங்களுக்குத் தெரியும், எங்கட ஊரிலை பொம்பிளை எடுத்தவர்தான். நாங்கள் ஓடு மாத்த ஒரு வருசமாய் மடல் எழுதிறம். வெக்கம்.

யோகமக்கா 'பொன்னியின் செல்வன்' எண்டு சும்மா எழுதிப்போட்டா. அது கடையிலை வாங்கினதே? கல்கி 1950 இலையிருந்து 54 மட்டும் வாரா வாரம் எழுத, பெரிய வாத்தியார் தபாலிலை வந்த இதழிலையிருந்து ஒற்றை ஒற்றையாய்க் கழட்டிச் சேத்து, பசை காய்ச்சி, பைண்ட் பண்ணி வைச்சது. மணியம் கீறின படம் அந்தந்த இடத்திலை அப்பிடியே இருக்கும். வந்தியத்தேவன்ரை குதிரையைப் பாக்கவே நாங்கள் சின்னனிலை அடிபட்டனாங்கள். மூண்டாம் பாகத்துக்குப் பேர் 'கொலை வாள்'. கொலை வாளையே திண்டு செமிச்ச கறையான் எங்கட ஊரிலைதான் இருக்கும்.

வாங்கு விசயம் நான் ஒரு நாளும் காணேல்லை. பழசைக் கிண்டாமல் கூரை அலுவலைப் பாப்பம்.

நான் வாசிக்கிறது சாண்டில்யனின்ரை 'கடல்புறா', நாலாந்தரம். மூண்டு பாகமும் லாச்சப்பலிலை வாங்கினது. விலையிலை பாதி போடுறன்.


குலம், ஹரோ

அன்புடையீர்,

புத்தகங்களைப் பற்றிப் பிறகு பேசலாம். 2017 இல் மதிலுக்கென்று இலண்டன் கிளை 1,840 பவுண்ஸ் சேர்த்துக் கொடுத்தது. சிட்டை வந்தது 1,310 பவுண்சுக்கு. மீதி 530 எங்கே என்று 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் கேட்டேன். முதல் முறை 'பாக்கிறன்' என்று பதில். இரண்டாம் முறை 'அண்ணை, உங்களுக்கு வேறை வேலை இல்லையோ'. மூன்றாம் முறை பதிலே இல்லை. ஒலிபெருக்கி விடயத்தை நான் இங்கே எடுக்கவில்லை.

4 லட்சத்து 60 ஆயிரம் என்பது எப்படி வந்தது? எத்தனை ஓடு, ஓடு ஒன்று என்ன விலை, எத்தனை நாள் கூலி? இது வராமல் என்னிடமிருந்து ஒரு சதமும் வராது. அலுமாரித் திறப்பு யாரிடம் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்.


பவா, மார்க்கம்

அண்ணைமார், அக்காமார், நான் றக் ஓடுறனான். கையிலை புத்தகம் பிடிக்கேலாது, காதாலைதான் வாசிக்கிறன். ஆரோ ஒரு புண்ணியவான் பொன்னியின் செல்வன் ஐஞ்சு பாகத்தையும் முழுக்க வாசிச்சு யூரியூப்பிலை போட்டிருக்கிறார். வின்னிப்பெக் போய் வர நல்லாய் ஓடும். பூங்குழலி கோடிக்கரையிலை வந்தியத்தேவனை வள்ளத்திலை ஏத்தி இலங்கைக்கு வலிச்சுக்கொண்டு போறா, நான் சுப்பீரியர் ஏரிக்கரையாலை வெங்காயம் ஏத்திக்கொண்டு போறன். ஒரு பக்கம் முழுக்கத் தண்ணி, அங்காலைக் கரை கண்ணுக்குத் தெரியாது. கடல் எண்டு நினைச்சால் கடல்தான்.

ஒண்டு சொல்லட்டே? சின்னனிலை எனக்கு மூண்டாம் பாகம் கிடைக்கவே இல்லை. எப்ப போனாலும் 'வெளியிலை' எண்டு சொல்லுவார் மாமா. ரண்டிலையிருந்து நாலுக்குப் பாய்ஞ்சனான். இடையிலை என்ன நடந்தது எண்டு போன கிழமைதான், 54 வயசிலை, தண்டர் பேயிலை எண்ணெய் அடிக்கேக்கை தெரிஞ்சுது. 100 டொலர் போடுறன். திறப்பு ஆரிட்டை?


ரஞ்சி, மெல்பேர்ண்

எல்லாருக்கும் வணக்கம். என்ரை மகள் வி. வி. கணேஷானந்தன் எழுதின 'பிரதர்லெஸ் நைட்' வாசிக்கிறாள். 2024 இலை பெண்களுக்கான புனைகதைப் பரிசு எடுத்த இங்கிலிஸ் நாவல். 1981 யாழ்ப்பாணத்திலை தொடங்குது. நான் கறி வைக்க அவள் குசினிக் கதவிலை சாஞ்சு நிண்டு வாசிச்சுக் காட்டுவாள். தொடக்கத்திலையே சசி எண்ட பிள்ளை கொதிதண்ணியைத் தனக்கு மேலை ஊத்திப்போடும். ஒரு பெடியன் ஓடிவந்து எரிஞ்ச இடத்திலை முட்டை உடைச்சு விடுவான். 'அம்மா, உண்மையா இப்பிடிச் செய்யிறவையோ?' எண்டு கேட்டாள். அடுப்பைக் குறைச்சுப்போட்டு என்ரை இடது கையைக் காட்டினன். இவ்வளவு நாளும் அவள் அதைத் தேமல் எண்டு நினைச்சவளாம்.

எனக்கு இங்கிலிஸ் நாவல் அவ்வளவுக்கு ஓடாது. இரவிலை 'நூலகம்' எண்ட இணையத்தளத்திலை பழைய 'மல்லிகை' சஞ்சிகை வாசிக்கிறன். 1966 இலை டொமினிக் ஜீவா தொடங்கி, தானே காவிக்கொண்டு போய் வித்த புத்தகம். கதையை விட்டிட்டு விளம்பரங்களைத்தான் முதல் பாக்கிறன். எங்கட ஆஸ்பத்திரி வீதிக் கடை எத்தினை அதிலை உயிரோடை நிக்குது! அந்தத் தளத்தை 2005 இலை தொடங்கின பெடியளுக்குக் கும்பிடு போடவேணும். எங்கட அலுமாரியையும் முதல்லை ஸ்கான் பண்ணுங்கோ. ஓடு பிறகும் வாங்கலாம்.


குலம், ஹரோ

அன்புடையீர்,

சிறி கேட்டதற்கு இப்போது பதில். நான் வாசிப்பது அச்சடித்த புத்தகமல்ல. அப்பா வைத்திருந்த வாசிகசாலை இரவல் பதிவேடு, 1979 சனவரியிலிருந்து 1983 யூலை வரை. 1990 இல் அம்மா கொழும்புக்கு வந்தபோது காணி உறுதிக் கட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தா. இத்தனை ஆண்டும் அதையும் உறுதி என்றே நினைத்து வைத்திருந்தேன். போன மார்கழியில் பிரித்தேன். இரவுக்கு ஒரு பக்கம் என்று வாசிக்கிறேன். இப்படி ஒரு புத்தகத்தை நான் வாசித்ததில்லை.

மொத்தம் 1,112 பதிவுகள். பொன்னியின் செல்வன் முதற் பாகம் 61 முறை வெளியே போயிருக்கிறது. ஐந்தாம் பாகம் 19 முறை. மிச்சப் பேர் எந்தப் பாகத்தில் நின்றுவிட்டார்கள் என்பதையும் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன். பவாவுக்கு ஒரு தகவல்: 'கொலை வாள்' 1982 மாசி 9 இலிருந்து ஆவணி 27 வரை ஒரே வீட்டில் இருந்திருக்கிறது. பாரிசில் விசாரிக்கவும். நாளுக்கு 5 சதம் தண்டம், கட்டியதாகப் பதிவில்லை.

1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. பதிவேட்டில் யூன் 2 ஆம் திகதி, அப்பாவின் கையெழுத்தில், 'மொத்தம் 643' என்று ஒரு வரி. வேறொன்றுமில்லை. அங்கே 97,000 புத்தகம் சாம்பலாய்க் கிடக்க, இங்கே இவர் அலுமாரியைத் திறந்துவைத்துத் தன்னுடையதை எண்ணியிருக்கிறார். அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை ஒரு பதிவும் கிடையாது. சனம் வரவில்லையா, இவர் கொடுக்கவில்லையா? எனக்குத் தெரிந்த அப்பா கொடுத்திருக்க மாட்டார்.

சிறிக்கு: செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', உங்கள் பெயரில், 1983 வைகாசி 14. திரும்பி வரவில்லை.

யோகம் எழுதியதற்கும் தேவன் மறுத்ததற்கும்: 1,112 பதிவிலும் குளத்துக்கு அப்பாலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. மூன்று முறை பார்த்தேன். எழுதியவர் என் தகப்பன்.


சிறி, ஸ்காபரோ

குலம் அண்ணை, 530 பவுண்ஸ் கேற் செய்த காசு. சிட்டை எடுத்தாச்சு, தனிமடலிலை அனுப்புறன். ஓட்டுக் கணக்கும் கேட்டு அனுப்புவன். திறப்பு என்னட்டை எண்டு ஊரிலை கதைக்கினமாம். என்னட்டை இருக்கிறது பழைய பூட்டின்ரை திறப்பு. அந்தப் பூட்டை 96 இலை ஆரோ உடைச்சுப்போட்டினம்.

'வாடைக்காற்று' என்ரை பேரிலை எடுத்தாலும் கொண்டுபோனது சின்னவன். நெடுந்தீவுக் கதை எண்டதாலை தானும் அங்கை போய்ப் பாக்கவேணும் எண்டு அந்தப் புத்தகத்தோடையே திரிஞ்சவன். 84 இலை அவன் வீட்டை விட்டுப் போகேக்கை பைக்குள்ளை வைச்சானோ, இல்லை வீட்டோடை போச்சோ தெரியாது. தண்டம் எவ்வளவு எண்டு பாத்துச் சொல்லுங்கோ, கட்டுறன்.


குலம், ஹரோ

ஏறக்குறைய 770 ரூபாய் வருகிறது. கட்டிவிட்டேன். கூரைக்கு 250 பவுண்ஸ் வேறு. இரண்டுக்கும் தனித்தனி ரசீது அனுப்பவும்.


தேவன், பாரிஸ்

82 இலை எனக்கு மஞ்சட்காமாலை. அந்த வருசம் எழும்பி நடமாடினதே ஆவணியிலைதான். ஊரிலை எல்லாருக்கும் தெரியும், குலம் அண்ணைக்கும் தெரியும். பவா, குறை நினையாதை. 200 யூரோ போட்டாச்சு.

வாங்கைப் பற்றி நான் இனிக் கதைக்கேல்லை.


யோகம், பேர்ண்

குலம் அண்ணை, நீங்கள் எழுதினதை என்ரை மனிசனுக்கு ரண்டுதரம் வாசிச்சுக் காட்டினன். அவரின்ரை வீடு எங்கை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஒண்டும் சொல்லேல்லை, தேத்தண்ணி போட எழும்பிப் போட்டார்.

150 பிராங் அனுப்பியிருக்கிறன், ரசீது வேண்டாம். ஒரு 'பஞ்சமர்' வாங்கி அலுமாரியிலை வையுங்கோ. திறப்பு கிடைச்சால்.