பன்றி பறக்கும் நாளுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

அணியிலக்கணச் சொற்பட்டியலில் ‘அடினட்டன்’ என்ற சொல்லுக்கு எதிரே இன்னும் காலியாகக் கிடக்கிறது. கிரேக்கச் சொல், ‘இயலாதது’ என்பதுதான் நேர்ப்பொருள். ஒன்று நடக்கவே நடக்காது என்பதை, உலகில் நடக்காத இன்னொன்றைக் காட்டிச் சொல்வது. ஆங்கிலத்தில் அதற்குப் பன்றி பறக்க வேண்டும். பிரெஞ்சில் கோழிக்குப் பல் முளைக்க வேண்டும். ஸ்பானியத்தில் தவளைக்கு முடி வளர வேண்டும். ரஷ்யனில் நண்டு இனத்து ஜந்து ஒன்று குன்றின் மேல் ஏறி விசிலடிக்க வேண்டும். துருக்கியில் மீன் மரம் ஏறுகிறது, டச்சில் கன்றுக்குட்டிகள் பனிக்கட்டி மேல் நடனம் ஆடுகின்றன. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது தாய்லாந்து மொழியில் வருவது: ‘அடுத்த பிறவியில், பிற்பகல் வாக்கில்’. காரியத்தை மறுபிறவிக்குத் தள்ளிவிட்டு, நேரத்தையும் குறித்துக் கொடுக்கிறார்கள் பாருங்கள்!

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து.

> இயலாமைத் தொடர், நடவாத் தொடர்

இரண்டும் வேண்டாம். இயலாமை என்றதும் எழுந்து நடக்க முடியாதவர் நினைவுக்கு வருகிறார். நடவா என்றதும் நாற்று நடாத வயல்.

> குதிரைக்கொம்புத் தொடர்

முதலில் இதைத்தான் நானும் ஆதரித்தேன். காதுக்கு நன்றாக இருக்கிறது, விளக்கமும் தேவையில்லை. ஆனால் இன்று ‘அவரைப் பார்ப்பது குதிரைக்கொம்பு’ என்று ஒருவர் சொன்னால், பார்க்கவே முடியாது என்றா பொருள்? அலைந்தால் பார்க்கலாம் என்றுதான் பொருள். இல்லாத கொம்பு நாளடைவில் அரிய கொம்பாகிவிட்டது. ஒருபோதும் இல்லை என்று அடித்துச் சொல்வதற்கான பெயரில், எப்போதாவது உண்டு என்ற பொருள் புகுந்துகொண்டால் சரிப்படாது.

> இல்நிகழ்வு (இல்பொருள் உவமையை ஒட்டி)

பொருள் அளவில் குறையே இல்லை. புணர்ச்சியில்தான் சிக்கல். நல், நாள் இரண்டும் சேர்ந்து நன்னாள் ஆவதுபோல இது ‘இன்னிகழ்வு’ ஆகும். அப்புறம் யாராவது அதைத் திருமண அழைப்பிதழில் போட்டுவிடுவார்கள்.

> மன்னாத் தொடர்

இதைச் சொன்னவருக்குத் தனியாக ஒரு வணக்கம். ‘மன்னாப் பொருளும் அன்ன இயற்றே’ என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வருகிறது. மன்னாப் பொருள் என்றால் உலகில் இல்லாத பொருள். உரையில் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு: ‘பவளக்கோட்டு நீலயானை சாதவாகனன் கோயிலுள்ளும் இல்லை.’ பவளத் தந்தம் உள்ள நீல யானை, சாதவாகனனின் அரண்மனையிலும் கிடையாது. பறக்கும் பன்றிக்கு இதைவிட நல்ல கூட்டாளி வேண்டுமா? ஆனால் இன்றைய வாசகர் காதில் ‘மன்னா’ எப்படி விழும்? நாடக மேடையில் ஒருவர் கைகூப்பி நிற்பதுபோலத்தான். இலக்கணம் படித்தவர்களுக்கு மட்டும் புரியும் சொல்லைத் தெருப்பேச்சுக்குப் பெயராக வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயலாதது, இல்லாதது, நடவாதது என்று பெயரிலேயே எழுதிவைப்பது ஆபத்து. ‘கறுப்பு அன்னம்போல அரிய பறவை’ என்று ரோமானியக் கவிஞர் ஜுவெனல் கிண்டலாக எழுதினார். அப்படி ஒரு பறவை இல்லை என்ற தைரியத்தில் ஐரோப்பாவும் பல நூற்றாண்டுகள் இருந்தது. 1697-இல் டச்சு மாலுமி விளாமிங்கின் குழு மேற்கு ஆஸ்திரேலியாவில் அதை நேரில் பார்த்தது. ஹங்கேரியர்கள் ‘சிவப்புப் பனி பெய்யும்போது’ என்கிறார்கள். பாசி படர்ந்து சிவந்த பனியை மலையேறுபவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிப்ரவரி 30 என்று கேலி செய்கிறோமே, ஸ்வீடனில் 1712-இல் அந்தத் தேதி உண்மையிலேயே வந்தது. நாட்காட்டியை மாற்றப் போய் நடுவில் குழம்பி, பழைய கணக்குக்கே திரும்ப ஒரு நாள் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. எகிப்திய அரபியிலோ ‘நாளை, ஆப்ரிகாட் பருவத்தில்’ என்றால் ஒருபோதும் இல்லை என்று பொருள். ஆப்ரிகாட் பருவம் ஆண்டுதோறும் வந்து, சட்டென்று முடிந்துபோகும். ஆக, உலகத்தில் அது நடக்குமா நடக்காதா என்பது இங்கே கணக்கே இல்லை. சொல்பவர் அதை வராத நாளாக நினைத்துச் சொல்கிறார், கேட்பவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

எனவே என் பரிந்துரை: வாராநாள் தொடர்.

மறுமொழி:

வாராநாள் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு ஐயங்கள்.

ஒன்று, ‘வாராவாரம்’ என்றால் வாரம் தவறாமல் என்று பொருள். வாராநாளும் நாள் தவறாமல் என்று தோன்றாதா?

இரண்டாவது, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் ‘அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா’. இதே பழமொழி துருக்கியிலும் இருப்பதாக அறிந்தபோது அசந்துபோனேன். அங்கும் அப்பாவின் சகோதரிக்குத்தான் மீசை. முளைத்தால் அப்பாவின் சகோதரர் ஆகிவிடுவார். உறவுமுறைகூட மாறவில்லை! இதுவும் உங்கள் வாராநாளில் அடங்குமா?

மறுமொழி:

முதல் ஐயத்துக்கு விடை நாளிதழிலேயே இருக்கிறது: வாராக்கடன். வங்கிச் செய்தி படிக்கும் யாரும் அதை வாராவாரம் வரும் கடன் என்று நினைப்பதில்லை. கடன் என்றதும் இன்னொன்று. திருப்பித் தரவே மாட்டார்கள் என்று தெரிந்த கடன்காரர்களைப் பற்றி, ‘கிரேக்கக் காலெண்ட்ஸ் அன்று தருவார்கள்’ என்பாராம் பேரரசர் அகஸ்டஸ். அவர் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் குறித்துவைத்திருக்கிறார். காலெண்ட்ஸ் என்பது ரோமானிய மாதத்தின் முதல் நாள். கிரேக்க நாட்காட்டியில் அப்படி ஒரு நாளே கிடையாது. வாராக்கடனுக்கு வாராநாளில் தவணை! ஜெர்மனில் இதற்கென்றே ‘புனித ஒருபோதுமில்லார் திருநாள்’ என்று ஒன்று உண்டு. பிரெஞ்சில் நான்கு வியாழக்கிழமைகள் உள்ள வாரம். பன்றியும் தவளையும் இல்லாத இந்த நாட்காட்டிக் கிண்டல்களையும் அதே பெயரில் அடக்கிவிடலாம் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

அத்தை மீசை அடங்காது என்பேன். நேற்று முழுக்க யோசித்தேன். பன்றி பறக்கும்போது என்பவர் ஒரு வேண்டுகோளை மறுக்கிறார். அத்தைக்கு மீசை முளைத்தால் என்பவர் எதையும் மறுக்கவில்லை. ‘அது மட்டும் நடந்திருந்தால்’ என்று ஆகாயக்கோட்டை கட்டுபவரின் வாயை அடைக்கிறார். கிண்டல் முழுக்க அந்த ‘ஆல்’ மேல்தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதில் கிண்டலே கிடையாது. புறநானூற்று இரண்டாம் பாட்டில் ‘பாஅல் புளிப்பினும் பகல் இருளினும்’ என்று வாழ்த்து வருகிறது. குறுந்தொகையில் தலைவியின் நட்பைப் பற்றித் தோழி பேசும் பாட்டு ‘நிலம் புடைபெயரினும்’ என்று தொடங்கும். பால் புளித்தாலும் நிலம் பெயர்ந்தாலும் இது மாறாது என்ற உறுதிமொழி. கிரேக்கச் சொல் பன்றியையும் இதையும் ஒரே கூடையில் போட்டுக்கொள்கிறது. தமிழில் வினையின் ஈறே பிரித்துக் காட்டிவிடுகிறது: ‘போது’ என்றால் மறுப்பு, ‘ஆல்’ என்றால் நையாண்டி, ‘இனும்’ என்றால் சத்தியம். நம் மொழி தானாகப் பிரித்து வைத்ததை ஒரே பெயரில் நாம் ஏன் மூட்டை கட்ட வேண்டும்?

ஆகவே பட்டியலில் அடினட்டனுக்கு எதிரே ஒரே சொல் போடாமல், ‘போது’ வகைக்கு மட்டும் இப்போதைக்கு வாராநாள் தொடர் என்று ஏற்றிவிடுகிறேன். தயவுசெய்து யாரும் புணர்த்தி ‘வாராநாட்டொடர்’ ஆக்கிவிட வேண்டாம். ஏதோ நாட்டின் பெயர்போல ஆகிவிடும். ‘இனும்’ வகைக்கு, சபதத்தைக் குறிக்கும் சூள் என்ற பழஞ்சொல்லை வைத்து யாராவது முயன்று பாருங்கள். ‘மாறாச்சூள்’ என்று எனக்கு ஒன்று தோன்றியது, ஆனால் அதில் பாலும் இல்லை, நிலமும் இல்லை. அத்தை மீசைக்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.