ரீஃப் டேங்குக்கு (உப்புத்தண்ணில பவளம் வளக்கற தொட்டி) லைட்டு வாங்கி யாரெல்லாம் அடிபட்டீங்க? நான் பட்டத மொதல்ல சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கங்க. ரெண்டு வருஷமா அடுத்தவங்க எழுதறத படிச்சே காலத்த ஓட்டிட்டேன், இன்னைக்கு பட்டறைல வேலை கம்மி, என் கதைய எழுதிடறேன். நமக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம், கொலுசுப் பட்டறை. வெள்ளிய வெள்ளை லைட்டுல காட்டணும் தங்கத்த மஞ்ச லைட்டுல காட்டணும்னு அரை டவுசர் போட்டப்பவே எங்கப்பா சொல்லிக் குடுத்துட்டாரு, லைட்ட பத்தி நமக்கு ஒருத்தன் சொல்லணுமாங்கற அந்த திமிருலதான் உப்புத்தண்ணி டேங்குல மண்ணைக் கவ்வினேன்.

டேங்கு ரெண்டடி நீளம், அகலமும் உயரமும் ஒன்னேகால் அடி, கல்லு மணலு போக 70 லிட்டர் தண்ணி நிக்கும். ரெண்டு க்ளவுன் மீனு, ஒரு கொத்து ஸோவா, நாலு மஷ்ரூம், ஒரு லெதர் பவளம். மீன தவிர எல்லாம் சாஃப்ட் பவளந்தான், கல்லு மாதிரி எலும்பு இல்லாத வகை. மொதல்ல வீட்டுல சும்மா கிடந்த செடி டேங்கு லைட்டையே தூக்கி வெச்சேன், 18 வாட்டு, 6500 கெல்வின், பளீர்னு வெள்ளை. சுத்தியிருக்கற கல்லு மணலு ஒன்னு விடாம தெரியும், வர்றவங்க எல்லாம் சூப்பர்னாங்க. ரெண்டு மாசத்துல ஸோவா ஒவ்வொன்னும் கழுத்த நீட்ட ஆரம்பிச்சுது, பஸ்ஸு வருதான்னு எட்டிப் பாக்கற மாதிரி. ஆரஞ்சா இருந்த வாயெல்லாம் காப்பித்தூள் கலருக்கு வந்துருச்சு. நானும் தீனி பத்தலைன்னு நெனச்சு தீனிய போட்டு போட்டு தண்ணில நைட்ரேட்டுங்கற கழிவ ஏத்தினதுதான் மிச்சம்.

அப்புறம் ஒருத்தர் ஹாபிய விடறாருன்னு அவரோட 165 வாட்டு கறுப்பு டப்பா லைட்ட வாங்கினேன். 55 எல்ஈடி, நீலத்துக்கு ஒரு திருகு வெள்ளைக்கு ஒரு திருகு. பேருதான் 165, கரண்டு இழுக்கறது 110க்கு மேல போகாது, அது அந்த லைட்டு வெச்சிருக்கவங்களுக்கு தெரியும். நான் என்ன பண்ணேன், காஞ்ச மாடு கம்புல பாஞ்ச மாதிரி ரெண்டு திருகையும் ஃபுல்லா வெச்சேன், தண்ணிக்கு மேல 8 இஞ்சுல. எங்க வீட்டம்மா "ஏனுங்க, கல்யாண மண்டபத்துக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி இருக்கு"ன்னா. நாலாம் நாளு காலைல பாக்கறேன், எட்டணா அளவுக்கு விரிஞ்சு கிடந்த மஷ்ரூம் சட்டை பட்டன் அளவுக்கு சுருங்கி ஓரமெல்லாம் வெளுத்துப் போய் கல்லோட ஒட்டிக் கிடக்குது. லெதர் தலைய விரிக்கவே இல்ல. உள்ள சதைல குடியிருக்கற பாசிதான் இதுங்களுக்கு சமையக்காரன், வெளிச்சம் அளவுக்கு மீறினா அந்த பாசியையே வெளிய தள்ளிடும், வெளுத்துடும். வெளிச்சம் கம்மியானா பாசி பெருகி காப்பி கலர் ஆகும். நான் ரெண்டு பக்கமும் போயிட்டு வந்துட்டேன்.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருக்கற ஒரு அண்ணன்கிட்ட அப்போஜீ எம்க்யூ 510 மீட்டர் இருக்குது, தண்ணிக்குள்ள விட்டு பார் அளக்கறது. சரக்கடிக்கற பார் இல்லீங்க, பாசி சாப்பாடு பண்றதுக்கு ஆகற வெளிச்சம், 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும், அது எவ்வளவு விழுதுங்கற கணக்கு. அவரு வந்து அளந்தாரு. நடுக்கல்லு மேல 430. மஷ்ரூமுக்கு 50ல இருந்து 100 போதும், ஸோவா லெதருக்கெல்லாம் 100, 150. நான் மஷ்ரூம எண்ணெய் சட்டில போட்டிருக்கேன். ஆனா அதே டேங்குல ஓரத்து மூலைல 90தான், அந்த டப்பால லென்ஸு இருக்கறதால நடுவுல டார்ச்சு மாதிரி குமியுது.

அடுத்து அவரு பண்ணதுதான் எனக்கு செருப்படி. என் பழைய வெள்ளை லைட்ட எடுத்து வைக்கச் சொன்னாரு, அடில 35. அத கழட்டிட்டு கறுப்பு டப்பால வெள்ளைய சுத்தமா அணைச்சு நீலத்த மட்டும் நூத்துக்கு 40க்கு வெச்சாரு. ரூமே இருட்டுன மாதிரி ஆயிருச்சு, என்னண்ணா தூங்கற லைட்டு போட்டுட்டீங்கன்னேன். மீட்டர திருப்பிக் காமிச்சாரு, 115. நம்ம கண்ணுக்கு பச்சையும் மஞ்சளும்தான் பளிச்சுன்னு படும், டப்பா மேல போடற லூமென் கணக்கும் கண்ணுக்கானதுதான். கடல்ல கொஞ்ச ஆழம் போனாலே செவப்ப தண்ணி குடிச்சிரும், நீலம்தான் கீழ வரைக்கும் எறங்கும், பவளத்துக்கு பழக்கமும் அதுதான். கண்ண நம்பி வெள்ளி விக்கலாம், பவளம் வளக்க முடியாதுங்க.

இப்ப லைட்ட 14 இஞ்சுக்கு தூக்கிட்டேன், அந்த லென்ஸு வெளிச்சம் கொஞ்சம் பரவலா விழுது. நீலம் 40, வெள்ளை 8, அதுவும் நடு மத்தியானம் அஞ்சு மணி நேரம்தான், மொத்தம் 9 மணி நேரம். ஒரே நாள்ல இல்ல, நீலத்த 20ல ஆரம்பிச்சு வாரத்துக்கு 5 ஏத்தினேன். ஒரு மஷ்ரூம் போயிருச்சு, மூணு திரும்பி வந்துச்சு, அதுல ஒன்னு ரெண்டாவும் பிரிஞ்சிருக்கு.

-----

அருமையா எழுதிருக்கீங்க தம்பி. நான் ஏற்காட்டுல இருக்கேன், உங்க ஊருக்கு நேர் எதிர் கதை என்னோடது.

பழைய ஆளு நான், 150 வாட்டு மெட்டல் ஹாலைடு வெச்சிருந்தேன், எல்ஈடிக்கு முந்தி இருந்த சூடு கக்கற பல்பு. அந்த சூடுக்கு சேலத்துல வெச்சா டேங்கு ரசம் ஆயிடும், மேல எனக்கு அதுவே வரமா இருந்துச்சு. இங்க 1500 மீட்டர் உயரம், மார்கழி ராத்திரில வெளிய வெச்ச தண்ணி காலைல ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கும், பகல் பூரா ஹாலைடு எரியறதால டேங்கு 25, 26ல நிக்கும், ஹீட்டரு ராத்திரி மட்டும்தான் வேலை பாக்கும். தண்ணி அலை மேல பட்டு கல்லு மேல ஓடற அந்த மினுமினுப்பு இருக்கு பாருங்க, இன்னைக்கு எந்த எல்ஈடி வந்தாலும் என் மனசு அதுல ஒட்டல, கிழவன் புலம்பல்னு விட்டுடுங்க.

பல்பு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், எரியுதேன்னு விட்டா கலர் மாறிடும். அந்த பல்பு கிடைக்கறதே குதிரைக் கொம்பாகி கடைசில எல்ஈடிக்கு மாறினேன். மாறின மொத வாரமே தண்ணி 22க்கு எறங்கிருச்சு. மீனுப் பசங்க எல்லாம் மூலைல போய் நின்னுட்டாங்க, லெதர் வாய மூடிக்கிச்சு, நான் லைட்டு கலருதான் புடிக்கலைன்னு நெனச்சு திருகோட மல்லுகட்டிட்டு இருந்தேன். தெர்மாமீட்டர பாத்தது அஞ்சாவது நாளு. லைட்ட மாத்தினா சூட்டையும் பாருங்கப்பா, 50 வாட்டு ஹீட்டர 150ஆ மாத்தின பிறகுதான் வழிக்கு வந்துச்சு.

இன்னொன்னு, லெதர் அப்பப்ப மேல மெழுகு பூசின மாதிரி ஒரு தோல கட்டி ஒரு வாரம் பத்து நாளு தலைய சுருக்கிட்டு நிக்கும், அது தோல் உரிக்கறது. லைட்டுல கைய வைக்காதீங்க. தண்ணி ஓட்டம் அது மேல படற மாதிரி பம்ப திருப்பி விட்டா தானா உரிஞ்சு போயிடும். நான் இத நோவுன்னு நெனச்சு ஒரு லெதர கத்தரிச்சே போட்டவன்.

கீழ இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, தெர்மாகோல் பெட்டிய மடில வெச்சுட்டு பஸ்ஸுல வருவேன். கண்டக்டரு தினம் ஒரே கேள்வி, ஐஸ்கிரீமாங்க?

-----

அண்ணா நான் கொண்டலாம்பட்டி, காலேஜ் படிக்கறேன். 30 லிட்டர் டேங்கு இருக்கு, போன் ஆப்ல பார் பாக்கலாம்னு சொல்றாங்களே அது போதுமா? அப்புறம் எனக்கு அக்ரோபோரான்னு கல்லு மாதிரி எலும்பு இருக்கற பவளம் வெக்கணும்னு ஆசை, அதுக்கு எவ்வளவு வாட்டு வாங்கணும்ணா?

-----

தம்பி, கொலுசுப் பட்டறைக்காரன்தான் மறுபடி. மொதல்ல அந்த அக்ரோபோராவ மறந்துரு. லைட்டு பிரச்சனை இல்ல, சட்டம். கல்லு மாதிரி எலும்பு வெச்ச பவளம் அத்தனையும், கறுப்பு பவளம், கடல் விசிறி, எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மொத அட்டவணைல இருக்கு, 2001ல சேத்தாங்க, புலி இருக்கற அதே அட்டவணை. மன்னார் வளைகுடா கடல்ல எடுத்த கல்லுன்னு யாராச்சும் கவர்ல போட்டு நீட்டினாலும் கைய நீட்டாத. செராமிக் கல்லு, காஞ்ச கல்லு போட்டு பாக்டீரியா புடிக்க விட்டாலே ஜம்முன்னு வரும். மஷ்ரூம், ஸோவா போதும் உனக்கு. ஸோவாவ தொடும்போது கைல க்ளவுஸ் போடு, சில வகைல விஷம் உண்டு, கல்ல வெந்நீர்ல போட்டு மட்டும் கழுவிராத, ஆவி மூக்குல ஏறினா ஆஸ்பத்திரிதான்.

போன் ஆப்பு நீலத்துல சொதப்பும், நான் மீட்டரோட பக்கத்துல வெச்சுப் பாத்தேன், ஏறுதா எறங்குதான்னு ஒப்பிட்டுப் பாக்க ஆகும், நம்பர நம்பாத. 30 லிட்டருக்கு 15, 20 வாட்டு நீலம் தூக்கலா இருக்கற ஸ்பாட் லைட்டு தாராளம். வாட்டு கணக்கு பழைய காலத்து கணக்கு, திருகு இருக்கா, தூக்கி எறக்க முடியுமா, அத பாத்து வாங்கு.

சேலத்து சித்திரை வெயில்ல லைட்ட விட சூடுதான் கொல்லும். போன வருஷம் எனக்கு தண்ணி 31 தொட்டுச்சு, பழைய கம்ப்யூட்டர் ஃபேனு ரெண்ட தண்ணி மேல ஊதற மாதிரி வெச்சு 28க்கு எறக்கினேன். ஃபேனு ஓடினா தினம் ஒரு லிட்டருக்கு மேல ஆவியாகும், உப்பு அப்படியே நின்னுடும், அதனால ஊத்தறது ஆர்ஓ தண்ணியா இருக்கணும், உப்புத்தண்ணி இல்ல. லைட்டயும் நான் மே மாசத்துல சாயங்காலம் 4ல இருந்து ராத்திரி 1 வரைக்கும் மாத்திடுவேன். பவளத்துக்கு மணி பாக்கத் தெரியாது.

-----

அம்மாபேட்டைங்க, தறி ஓட்டறவன். எல்லாரும் லைட்டு லைட்டுங்கறீங்க, டைமர யாரும் சொல்லல.

மாசாந்திர ஷட்டவுன்ல காலைல 9ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் கரண்டு இருக்காது. நான் வெச்சிருந்தது சுத்தற பல்லு டைமரு. கரண்டு போனா அதுவும் நின்னுடும்ல, வந்த பிறகு எட்டு மணி நேரம் பின்னாடி ஓடுது. நடுராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சா ஹாலு பூரா நீலமா எரியுது, எங்க ஆத்தா பயந்து வெளிய ஓடிருச்சு. மீனு தூங்கல, ஸோவா மூடல, மூணு நாளு எனக்கு புரியவே இல்ல. இப்ப உள்ள பேட்டரி இருக்கற டிஜிட்டல் டைமரு போட்டுட்டேன்.

அப்புறம் லைட்டோட கண்ணாடிய ஒரு தடவ தடவிப் பாருங்க. பம்ப் கொப்பளிக்கறதுல உப்பு பறந்து மேல வெள்ளையா பொரிஞ்சு கட்டியிருக்கும், நான் ஆறு மாசம் தொடைக்காம விட்டு லைட்டு வீக் ஆயிருச்சுன்னு புதுசு வாங்க கிளம்பிட்டேன். ஆர்ஓ தண்ணில நனைச்ச துணில தொடைச்சதும் பழைய வெளிச்சம் வந்துருச்சு. அணைச்சு, ஒயர கழட்டிட்டுதான் தொடைக்கணும். ஒயரு ப்ளக்குக்கு கீழ ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேல ஏறணும், தண்ணி சொட்டினா அந்த வளைவுலயே விழும். உப்புத்தண்ணி மேல கரண்டு தொங்குது, மறந்துராதீங்க.

-----

ஆத்தா ஓடினத படிச்சு பட்டறையே சிரிக்குது அண்ணா.

தம்பி, கொண்டலாம்பட்டின்னியே, அண்ணன்கிட்ட பேசிட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டரு என் கைல இருக்கும். நீ டேங்க தூக்கிட்டு வர வேண்டாம், நாங்களே வர்றோம். லைட்டு எதுவும் அதுக்குள்ள வாங்கிராத, என்கிட்ட ரெண்டு சின்னது சும்மா கிடக்கு, மாட்டி அளந்து பாத்துட்டு எது ஆகுதோ வெச்சுக்க. தட்டுவடை செட்டு மட்டும் வாங்கி வை, மூணு பேருக்கு, காரம் தூக்கலா.