புதுப்பிப்பு: மையச் சேவையகம் இல்லாத உரையாடல் தளம் நமக்கு ஒத்துவருமா?

2024 நவம்பர் 1 அன்று மொரிஷியஸில் சமூக ஊடகங்களுக்குத் தடை விதிக்கப்பட்டு மறுநாளே அது விலக்கப்பட்டதைச் சுட்டி, நம் தமிழ் ஆசிரியர்களின் கலந்துரையாடலை ஒரே நிறுவனத்தின் தளத்திலிருந்து, கருவிக்குக் கருவி நேரடியாகப் பேசும் செயலிக்கு மாற்றலாமா என்று இதே இழையில் கேட்டிருந்தேன். வந்த பதில்களை ஆராய்ந்ததில், இப்போது என் தெரிவு அத்தகைய செயலிகளில் ஒன்றான பிரையர் (Briar) பக்கம் சாய்ந்திருக்கிறது.

இணையம் இருக்கும்போது, யார் யாருடன் பேசுகிறார் என்பதை மறைக்கும் டோர் (Tor) வலையமைப்பு வழியாகவும், இல்லாதபோது அருகிலிருப்போரிடையே புளூடூத் அல்லது வைஃபை வழியாகவும் அது செய்திகளைக் கடத்துகிறது. எல்லாம் உறுப்பினர்களின் கைபேசிகளிலேயே தங்குவதால், ஒரு சேவையகத்தை மூடி உரையாடலை நிறுத்திவிட முடியாது. ஆனால் புயலில் இணையம் அறுந்தால், ரோஸ் ஹில்லில் இருப்பவரின் செய்தி தொலைவிலுள்ள மஹேபூர் ஊரை எட்டப் புளூடூத் போதாது. இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்கவேண்டிய தொல்லைக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியை, நமக்கு வரும் செய்திகளை வாங்கி வைத்திருக்கும் அஞ்சல்பெட்டியாக்கி மின்னிணைப்பில் விட்டுவைப்பது நல்ல தீர்வு. ஐபோனுக்குப் பிரையர் செயலியே இல்லை என்பதுதான் பெரிய தடை.

மையச் சேவையகம் தேவைப்படாத இன்னொரு முறையான ஸ்கட்டில்பட்டையும் (Scuttlebutt) ஒருவர் பரிந்துரைத்தார். அதில் ஒவ்வொருவரின் பதிவுகளும் கையொப்பமிட்ட தொடராக நீண்டு பிறர் கருவிகளிலும் படிவதால், எழுதியதை முழுமையாக அழிப்பது இயலாது. மாணவர்களின் பெயர்கள் அடிபடும் இடத்தில் அதை நான் ஏற்கமாட்டேன். இன்னொரு தெரிவான மேட்ரிக்ஸோ (Matrix) கூட்டமைப்பு முறை, அதாவது பலர் நடத்தும் சேவையகங்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவது. யாரேனும் சேவையகம் நடத்தியே ஆகவேண்டும். ஐபோன் வைத்திருப்போருக்காக அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதன் செலவை யார் ஏற்பது என்று முடிவானால்.